உங்க நாய் என்ன வேலை செய்யும்?

நியூ ஜெர்சியில் எடிசன், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு மளிகைக் கடை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, என் நாய் சுண்டலுக்குச் சிவப்புச் சட்டை மாட்டி உள்ளே கூட்டிப் போனேன். சட்டையின் இரண்டு பக்கமும் ‘சர்வீஸ் டாக்’ என்று வெள்ளை எழுத்து. கழுத்தில் அதன் போட்டோ போட்ட அடையாள அட்டை. இரண்டும் இணையத்தில் 149 டாலருக்கு வாங்கியவை. ஒரு சான்றிதழும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், தங்க நிற முத்திரையோடு.

கடை மேனேஜர் வந்தார். சத்தம் போடவில்லை. “உங்க உடல்நிலைக்குத் தேவைப்படுற சர்வீஸ் நாயா இது?” என்றார். ஆமாம் என்றேன். “என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கீங்க?” என்றார். “பக்கத்துல இருந்தா எனக்குப் படபடப்பு வராது” என்றேன். பக்கத்தில் ஒரு அம்மா வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கீழே போட்ட நுனிகளைச் சுண்டல் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறிவேப்பிலைகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அவர் கேட்டது இரண்டே கேள்வி. அமெரிக்கச் சட்டம் ஒரு கடைக்காரரைக் கேட்க விடுவதும் அந்த இரண்டைத்தான். என்ன வியாதி என்று கேட்கக்கூடாது, காகிதம் காட்டச் சொல்லக்கூடாது, நாயை அந்த வேலையைச் செய்து காட்டச் சொல்லவும் கூடாது. அவர் சட்டத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். தெரியாமல் போனது எனக்குத்தான்.

இங்கே இருக்கிற நம் ஆட்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “சர்வீஸ் டாக் எடுக்கலாமா, ஈ.எஸ்.ஏ. எடுக்கலாமா? எதுக்கு சர்டிஃபிகேட் ஈஸியா கிடைக்கும்?” சர்வீஸ் டாக் என்றால் உடல் அல்லது மனக் குறைக்கு உதவ ஒரு வேலைக்குப் பழக்கிய நாய். ஈ.எஸ்.ஏ. என்றால் எமோஷனல் சப்போர்ட் அனிமல், கூட இருந்தே மனதுக்கு ஆறுதல் தரும் விலங்கு. சர்டிஃபிகேட்டிலிருந்து ஆரம்பித்தால் என்னைப் போலத்தான் முடியும். மேனேஜர் கேட்ட இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் ஒரு தாள்

2022-ல் ரூட் 1 நெடுஞ்சாலையில் எனக்கு ஒரு கார் விபத்து. எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பின்னால் ஹாரன் அடித்தால் கை மரத்துப்போகும், மூச்சு மேலேயே நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வேன். என் தெரபிஸ்ட் ஒரு நாள் தாளை நீட்டி, “அந்த மாதிரி நேரத்துல உன் உடம்புல என்ன நடக்குதுன்னு இடது பக்கம் எழுது. அப்போ ஒரு நாய் தன் உடம்பால என்ன செய்ய முடியும்னு வலது பக்கம் எழுது” என்றார்.

இடது பக்கம் நிரம்பிவிட்டது. வலது பக்கம் நான் எழுதியது: ‘பக்கத்தில் படுத்திருக்கும். காலையில் வெளியே போகவேண்டும் என்று என்னை எழுப்பும். வீடு காலியாகத் தெரியாது.’

இதில் எதற்கும் நாயைப் பழக்க வேண்டியதில்லை. நாயாக இருந்தாலே போதும். அதுதான் ஈ.எஸ்.ஏ.

இதே தாளை கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அனுப்பினேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கும் பதற்றம்தான். ஆனால் அது வரும்போது எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிடும்; முழங்கையைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொள்வாள். அவள் வலது பக்கம் எழுதியது வேறு மாதிரி: ‘நான் சொறிய ஆரம்பித்ததும் மூக்கால் கையைத் தள்ளணும். தரையில் உட்கார்ந்துவிட்டால் தொடை மேல் ஏறிப் படுத்து அழுத்தணும். வாசலைத் தேடி என்னை வெளியே கூட்டிப் போகணும்.’ ஒவ்வொன்றும் ஒரு வேலை. ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவளுக்குத் தேவை சர்வீஸ் டாக்.

ஒரே மாதிரி நோய், ஒரே குடும்பம், இரண்டு வேறு பதில். மன நோய்க்கு ஈ.எஸ்.ஏ., உடல் குறைக்கு சர்வீஸ் டாக் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. மனநலத்துக்காகப் பழக்கிய சர்வீஸ் நாய்க்கும், பார்வையற்றவரைக் கூட்டிப் போகும் நாய்க்கும் சட்டத்தில் ஒரே மரியாதை. கோடு போடுவது வியாதியின் பெயரை வைத்து இல்லை, பழக்கிய வேலையை வைத்து.

எந்த வாசல் திறக்கும்

தாள் முடிந்ததும் அடுத்த கேள்வி: இந்த நாய் உங்களோடு எங்கெல்லாம் வரவேண்டும்?

கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி, பஸ், பள்ளி என்றால் அங்கே ஆள்வது 1990-ம் வருட ஏ.டி.ஏ., அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம். 2011 மார்ச் முதல் அதன் விதிப்படி சர்வீஸ் விலங்கு என்றால் நாய் மட்டும்தான். குட்டை ரகக் குதிரைக்குத் தனியாக ஒரு விதி உண்டு, நம்புங்கள். பூனை, கிளி, முயலுக்கு இடமில்லை. ஈ.எஸ்.ஏ.வுக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. நான் மளிகைக் கடையில் மாட்டியது இங்கேதான்.

சர்வீஸ் நாயே ஆனாலும் கட்டுக்கடங்காமல் போய், வைத்திருப்பவரும் அடக்காவிட்டால் வெளியே அனுப்பலாம். உள்ளே அசிங்கம் செய்தாலும் அப்படியே. ஆனால் “எனக்கு நாய்னா பயம்”, “எனக்கு அலர்ஜி” என்று இன்னொரு வாடிக்கையாளர் சொல்வதை வைத்து அனுப்ப முடியாது.

வீடு என்றால் கதை மாறும். அங்கே ஃபேர் ஹவுசிங் சட்டம், வீடு கொடுப்பதில் பாரபட்சம் கூடாது என்பது. இதில் ஈ.எஸ்.ஏ.வுக்கும் இடம் உண்டு. ‘நோ பெட்ஸ்’ என்று போர்டு போட்ட அபார்ட்மென்டிலும் நியாயமான விதிவிலக்காக அனுமதி கேட்கலாம். எங்கள் காம்ப்ளக்ஸில் நாய்க்கு 400 டாலர் டெபாசிட், மாதம் 40 டாலர் ‘பெட் ரென்ட்’. தெரபிஸ்ட் கடிதம் கொடுத்ததும் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சுண்டல் பால்கனிக் கதவின் பிளைண்ட்ஸைக் கடித்துக் குதறியதற்கு மட்டும் 85 டாலர் கட்டினேன். அதைக் கட்டத்தான் வேண்டும். கட்டணம் கிடையாது என்பதால் சேதாரமும் கிடையாது என்று ஆகாது. எல்லா வீட்டுக்கும் இந்தச் சட்டம் போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரே குடியிருக்கும், நான்கு போர்ஷனுக்கு மேல் போகாத வீடு இதில் வராது. மாநிலச் சட்டம் சில இடங்களில் கூடுதலாகக் கை கொடுக்கும்.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று: ஹாஸ்டலும் வீடுதான். நெப்ராஸ்காவில் கெர்னி பல்கலைக்கழக வழக்கில் 2013-ல் ஃபெடரல் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஹாஸ்டல் அறையில் ஈ.எஸ்.ஏ.வை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். வகுப்பறைக்கும் கேன்டீனுக்கும் கூட்டிப் போகும் உரிமை அதோடு வராது.

விமானத்தில் ஒரு காலத்தில் மயிலைக்கூட ஈ.எஸ்.ஏ. என்று ஏற்றப் பார்த்தார்கள். 2021 ஜனவரி 11 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது விமான நிறுவனங்கள் ஈ.எஸ்.ஏ.வை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரணச் செல்ல நாய்க்கான கட்டணமும் கூண்டும்தான். நான் விசாரித்தபோது ஒரு வழிக்கு 150 டாலர் சொன்னார்கள், கூண்டு முன்சீட்டுக்கு அடியில் போகவேண்டும். சுண்டல் 24 பவுண்டு. போகாது. ஃப்ரீமாண்டுக்கு நான் தனியாகத்தான் போய் வருகிறேன். சர்வீஸ் நாய்க்குக் கட்டணம் இல்லை, கூண்டும் வேண்டாம், கால் வைக்கும் இடத்தில் அடங்கினால் போதும். ஆனால் போக்குவரத்துத் துறையின் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். 48 மணி நேரம் முன்னாலேயே கேட்பார்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பறப்பதென்றால், நாய் அடக்கிக்கொள்ளும் அல்லது சுத்தமாகப் போகும் என்று இன்னொரு படிவம். ஃபெடரல் படிவத்தில் பொய் எழுதுவது குற்றம். வாட்ஸாப்பில் ஒருவர் “சும்மா டிக் பண்ணுங்க” என்று எழுதியிருந்தார். டிக் பண்ணாதீர்கள்.

அலுவலகத்தில் எதுவும் தானாகக் கிடைக்காது. ஹெச்.ஆரிடம் கேட்டு, அவர்கள் டாக்டர் கடிதம் கேட்டு, பேசி முடிக்கவேண்டும். நான் சுண்டலைக் கூட்டி வரலாமா என்று கேட்டேன். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைத்தது. சுண்டலுக்கு அதுவே வசதி.

கோயிலைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மத நிறுவனங்களுக்கு ஏ.டி.ஏ.வின் பொது இட விதிகள் பொருந்தாது. சர்ச், மசூதி, நம் கோயில் எல்லாம் அதில் அடக்கம். சர்வீஸ் நாயானாலும் உள்ளே விடுவதும் விடாததும் அவர்கள் விருப்பம். பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று வாதாடிப் பயனில்லை. முன்கூட்டிப் போன் செய்யுங்கள். அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். செருப்பு விடும் கூடம் வரை வரலாம் என்றார்கள். ஆரத்தி நேரத்தில் அத்திம்பேர் நாயோடு அங்கே நிற்பார்.

வடைப் பரீட்சை

போன வருடம் ஃப்ரீமாண்ட் போயிருந்தபோது எல்லோரும் தோசை சாப்பிட ஒரு ஓட்டலுக்குப் போனோம். அக்கா மகளின் லாப்ரடார் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தது. ஒரு மணி பத்து நிமிடம். பக்கத்து மேஜைக் குழந்தை மெதுவடையைத் தவறவிட்டது. அது உருண்டு வந்து நாயின் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. சூடான வடை. நாயின் மூக்குத் துவாரம் மட்டும் விரிந்து சுருங்கியது. கண் வடையில் ஒரு நொடி, பிறகு அவள் முழங்காலில். எழவில்லை.

அதே வேளையில் ஓட்டலில் கூட்டம் ஏறி, சத்தம் ஏறியது. அவள் வலது கை இடது முழங்கைக்குப் போனதை நான் கவனிக்கவே இல்லை. நாய் கவனித்தது. தலையை உயர்த்தி அவள் மணிக்கட்டுக்குக் கீழே மூக்கை நுழைத்து ஒரு தள்ளு. கை விலகியது. மறுபடி போனது, மறுபடி தள்ளியது. மூன்றாவது முறை அவள் சிரித்து, “போதும் சித்தி, நாம கிளம்பலாம்னு சொல்றான்” என்றாள்.

சுண்டலாக இருந்தால் வடை கீழே விழுவதற்கு முன்னாலேயே போயிருக்கும். உங்கள் நாயை சர்வீஸ் நாயாக்கலாமா என்று யோசித்தால், சமையலறையில் ஒரு வடையைப் போட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலையைப் பழக்குவது எளிது; வேலை இல்லாத ஐம்பது நிமிடம் சும்மா இருக்கப் பழக்குவதுதான் கஷ்டம் என்று அவர்களுடைய பயிற்சியாளர் சொன்னார். ஏ.கே.சி. (அமெரிக்கன் கெனல் கிளப்) நடத்தும் ‘கெனைன் குட் சிட்டிசன்’ தேர்வில் பத்து அம்சம் உண்டு. அதை முதல் படியாக வைத்துக்கொள்ளலாம். அது அடிப்படை ஒழுக்கத்துக்கு மட்டும். சர்வீஸ் நாய்ச் சான்று ஆகாது.

காசும் காலமும்

பழக்கிய நாயை வாங்குவதென்றால் பல்லாயிரம் டாலர். தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் கிடைக்கும், ஆனால் வரிசை நீளம்; வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பார்வை இல்லாதவர்களுக்கு எங்கள் நியூ ஜெர்சியிலேயே மாரிஸ்டவுனில் ‘தி சீயிங் ஐ’ இருக்கிறது, 1929-ல் ஆரம்பித்தது. முதல் நாய்க்கு அங்கே பெயரளவில் 150 டாலர்தான். கலிஃபோர்னியாவில் 1975-ல் தொடங்கிய ‘கெனைன் கம்பானியன்ஸ்’ நாய்க்குக் காசே வாங்குவதில்லை. இப்படி ஒரு நிறுவனத்தைத் தேடும்போது ‘அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வழி, நீங்களே பழக்குவது. சட்டம் இதற்கு முழு அனுமதி தருகிறது; பயிற்சியாளர் வைத்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. அக்கா வீட்டில் பயிற்சியாளரை வைத்துத் தாங்களே பழக்கினார்கள். இரண்டு வருடம், எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் டாலர் என்று அத்திம்பேர் எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். அந்தக் கணக்கில் தேறாமல் போன முதல் நாயும் அடக்கம். அது ஒரு கோல்டன் ரெட்ரீவர், தங்கமான குணம், ஆனால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவைக் கண்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது வீட்டுச் செல்லம். இப்படி நடக்கும் என்று முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பயிற்சியில் இருக்கும் நாய்க்கு ஏ.டி.ஏ. பாதுகாப்பு இல்லை, கடைக்குள் கூட்டிப் போய்ப் பழக்கலாமா என்பது உங்கள் மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

வரி விஷயம்: பார்வை, செவி, மற்ற உடல் குறைகளுக்கான சர்வீஸ் நாயை வாங்கிய, பழக்கிய, பராமரித்த செலவை வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மருத்துவச் செலவில் சேர்க்க விடுகிறது. வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் போன பகுதிதான் கழியும். ஈ.எஸ்.ஏ.வுக்கு இதை நம்பாதீர்கள்.

காசில் வராத செலவு ஒன்று உண்டு. சர்வீஸ் நாயோடு போனால் உங்கள் வியாதி ஊருக்கே தெரியும். அக்கா மகளிடம் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் “தொடலாமா? உனக்கு என்னம்மா? பார்த்தா நல்லாத்தானே இருக்கே?” என்பார்கள். நம் விசேஷ வீடுகளில் இன்னும் மோசம். சுண்டல் எனக்கு வீட்டில் மட்டும் என்பதால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய விஷயம், உங்களுக்கும் இருக்கலாம்.

கடிதம்

சர்வீஸ் நாய்க்குப் பதிவும் இல்லை, அரசு அட்டையும் இல்லை, சட்டை போடவேண்டிய கட்டாயமும் இல்லை. ‘தேசியப் பதிவேடு’ என்று விற்பவர்கள் விற்பது நெகிழி அட்டை. 149 டாலர் போன பிறகு தெரிந்துகொண்டேன்.

ஈ.எஸ்.ஏ.வுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உங்களை உண்மையிலேயே பார்த்துவரும் டாக்டரோ தெரபிஸ்டோ எழுதும் கடிதம். என்னுடையது அரைப் பக்கம். எனக்குச் சட்டம் சொல்லும் வகையில் ஒரு குறைபாடு இருக்கிறது (நோயின் பெயர் இல்லை, தேவையும் இல்லை), இந்த நாய் அதன் அறிகுறிகளைக் குறைக்கிறது, கீழே கையெழுத்து, தேதி, நியூ ஜெர்சி லைசென்ஸ் எண். அவ்வளவுதான். ஐந்து கேள்விக்கு டிக் அடித்தால் பத்து நிமிடத்தில் கடிதம் அனுப்பும் தளங்களின் காகிதத்தை வீட்டுக்காரர்கள் இப்போது நம்புவதில்லை. கலிஃபோர்னியாவில் 2022 முதல், ஈ.எஸ்.ஏ. நாய்க்குக் கடிதம் எழுதுபவர் குறைந்தது 30 நாளாவது உங்களுக்குச் சிகிச்சை அளித்துவந்திருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். வீடு மாற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு மாதம் முன்பே தெரபிஸ்டிடம் பேச்சை எடுங்கள்.

பொய்யாக சர்வீஸ் நாய் என்று சொல்வதற்குத் தண்டனை உண்டு. டெக்சஸில் 2023 செப்டம்பர் முதல் 1,000 டாலர் வரை அபராதம், 30 மணி நேரம் சமூக சேவை. கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமிருக்கிறது. அன்று மேனேஜர் என்னை மரியாதையாக அனுப்பினார், என் நல்ல காலம்.

வீட்டில் இருப்பவர்கள்

இதை எந்த வழிகாட்டியும் எழுதாது. காரைக்குடியிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்தார். நாயைப் பார்த்த முதல் கேள்வி: “வீட்டுக்குள்ளயா படுக்குது? அடுப்படிக்கு வருமா?” பூஜை அலமாரி இருக்கும் அறைக்குக் குழந்தைகளுக்கான கம்பித் தடுப்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். அம்மா குளித்துவிட்டு வரும்போது சுண்டல் நக்காமல் பார்த்துக்கொள்வது முதல் இரண்டு வாரம் என் முழுநேர வேலை. மூன்றாவது வாரம் அம்மாவே தயிர்சாதம் பிசைந்து வைத்துவிட்டு, “நான் எங்க வச்சேன், அதுவா தின்னுருச்சு” என்றார். தீட்டு, பயம், ஒவ்வாமை எது இருந்தாலும் நாய் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். படபடப்பைக் குறைக்க வந்த நாயால் தினமும் சண்டை என்றால் வேறு வழியைத்தான் யோசிக்க வேண்டும். ஈ.எஸ்.ஏ. நாயாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. என் தோழி ஒருத்திக்குப் பூனை, அவளுக்கு அதுவே பொருத்தம்.

என் கடிதத்துக்கு வருகிற மார்ச்சில் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் காம்ப்ளக்ஸ் ஆபீஸ் லீஸ் புதுப்பிக்கும்போது புதுக் கடிதம் கேட்கும் வழக்கம் வைத்திருக்கிறது. பிப்ரவரி முதல் வாரம் தெரபிஸ்டிடம் நேரம் வாங்கி, காலண்டரில் குறித்தாகிவிட்டது. அன்றைக்கே சுண்டலுக்கு ரேபீஸ் ஊசியும்.